சராசரி மூன்று பேர்

காலை ஐந்து இருபது பஸ் நின்றுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பழுதாகி நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை அந்த வழியாகச் சைக்கிளில் போன காவலாளி ஒருவர், "அந்த பஸ்ஸ எடுத்துட்டாங்கம்மா, கம்பத்துல தாள் ஒட்டியிருக்கே, பாக்கலயா?" என்று கேட்டார். நிறுத்தத்தில் நின்ற பதினோரு பெண்களும் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தாள் இருந்தது. ஒட்டிப் பத்து நாளாவது ஆகியிருக்கும், பனியில் ஊறி ஓரம் சுருண்டிருந்தது. அந்தப் பத்து நாளும் அதே கம்பத்தில் சாய்ந்துகொண்டுதான் அவர்கள் கொட்டாவி விட்டிருந்தார்கள். கண் இருந்தும் குருடு என்பது இதுதான்.

பதினோரு பேரும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒருத்தியை எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பேர் என்னவென்று கேட்டால் சம்பளப் பட்டியல் எழுதுகிறவருக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கும்.

சலவைக்கூடம் நடுச்சுவரால் இரண்டாகப் பிரிந்த கட்டடம். துவைக்கும் இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். அழுக்குப் பக்கத்து வாயில் போட்டால் சுத்தப் பக்கத்து வாயில் வெந்து வரும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகக் கூடாது. சுத்தப் பக்கத்துக் கதவு காலை ஆறு மணிக்கு உள்ளே தாழ் விழும். ஆறு ஒன்றுக்கு வந்தாலும் அழுக்குப் பக்கத்து வாசல்தான், அன்றைய பொழுது அங்கேதான். ஒரு மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் ஆளையே அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள்.

மடிப்பக்கா பதினாலு வருஷமாகச் சுத்தப் பக்கத்தில் ஆபரேஷன் துணி மடிக்கிறவள். பச்சைத் துணியை விசிறிபோல மடித்து, மேல் மூலையை மட்டும் ஒரு விரல் நீளம் வெளியே விட வேண்டும். உறை போட்ட கையால் நர்ஸ் அந்த மூலையைப் பிடித்து உதறினால், உள்பக்கத்தை யாரும் தொடாமலே துணி தானாக விரிய வேண்டும். ஒரு மடிப்பு பிசகினால் கட்டு முழுவதையும் திரும்ப வேகவைக்க வேண்டியதுதான். பதினாலு வருஷத்தில் அவள் மடித்த கட்டு ஒன்றுகூட மேல்மாடி ஆபரேஷன் அறையிலிருந்து திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருக்க வேண்டியதுதான்.

அடுத்த பஸ் ஐந்து ஐம்பதுக்கு. அதில் போனால் ஆறே காலுக்குத்தான் இறங்கலாம். ஆகவே மற்றவர்களைப் போல அவளும் நடந்தாள். நாலரை மணிக்குக் கிளம்பி, பனியில் எதிரே வருகிற லாரி தெரியாமல், ஒரு மணி இருபது நிமிஷம் நடை. அப்படியும் மழை பெய்த ஒரு நாளும், செருப்பு அறுந்த ஒரு நாளும் தாழ் விழுந்துவிட்டது. இரண்டு தடவை ஆகிவிட்டது, மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி. அழுக்குப் பக்கமும் வேலைதான், அங்கே இருப்பவர்களும் உழைக்கிறவர்கள்தான். ஆனால் அங்கே மடிக்க ஒன்றுமில்லை. பையை அவிழ்த்து உள்ளே தள்ள வேண்டியதுதான். அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே எதற்கும் ஆகாது.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு வக்கீல் இருந்தது.

ஏழாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு அந்தப் பெயர் வைத்தது அப்பா. அவர் கண்ணாடிக் கடையில் அளவெடுத்துக் கண்ணாடி அறுக்கிறவர், பத்து விரலில் எப்போதும் ஆறில் பிளாஸ்திரி இருக்கும். "ஒண்ணு கேட்டா ஒம்பது கேக்கறா, இவ வாய்க்கு ஃபீஸ் வாங்கலாம்" என்பார்.

அந்த மாதம் வக்கீலுக்குப் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்திருந்தது. வகுப்பு டீச்சர் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டிலும் தெருவிலும் இருக்கிற எழுத்தை எடுத்துவரச் சொல்லியிருந்தாராம். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், வாடகைக்கு விடப்படும் என்கிற அட்டை. யார் எழுதினது, யாருக்கு எழுதினது, நம்மை என்ன செய்யச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டது. இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட ஷாம்பு பாக்கெட்டோடு வந்து, "தினமும் உபயோகிக்கலாம்னு போட்டிருக்கே டீச்சர், உபயோகிக்கணும்னு ஏன் போடல?" என்று கேட்கிற அளவுக்கு வகுப்பு களைகட்டியிருந்தது. வீட்டில் மகள் இருமல் மருந்துப் பாட்டிலை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கி முழுக்க வாசித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அவருக்கு இருமலே நின்றுவிட்டது.

மாதக் கடைசியில் எல்லோரும் ஒரு கடிதம் எழுத வேண்டும். நிஜமான ஆளுக்கு, நிஜமான காரியத்துக்கு. படிக்கிறவர் சரி என்று சொல்கிற மாதிரி.

ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்து மடிப்பக்கா வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். மகள் நோட்டை நீட்டினாள். "படிச்சுப் பாரும்மா. பஸ் ஆபீசுக்கு."

"பஸ் ஆபீசுக்கு உனக்கென்ன கடுதாசி?"

"நீ நடந்து போறது எனக்குத் தெரியும். பொத்தான் அத்தை சொன்னாங்க. மூணாவது தடவை ஆனா என்னாகும்னும் சொன்னாங்க."

பொத்தான் அத்தை என்பது சலவைக்கூடத்தில் பொத்தான் தைக்கிறவள். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், வாயைத் தைக்கத் தெரியாது.

மடிப்பக்கா நோட்டை வாங்கி மெதுவாக, எழுத்துக் கூட்டாமல், ஆனால் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று படித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். கடிதத்தில் ஓர் ஏழைத் தாய் இருந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு நோய் இருந்தது. இருட்டில் அழுதுகொண்டே நடந்தாள். ஐயா அவர்கள் கருணை காட்டினால் அந்தக் குடும்பம் வாழும், இல்லையென்றால் தெருவுக்கு வரும்.

படித்து முடித்து நோட்டை மூடினாள். "யாருடி இந்தப் பொம்பள?"

"நீதாம்மா."

"எனக்கு எப்ப மூச்சிரைப்பு வந்தது? நான் எப்ப அழுதேன்?"

"சும்மா, மனசு இளகணும்னு…"

"அழுத புள்ளதானே பால் குடிக்கும்" என்றார் அப்பா, மூலையிலிருந்து.

"நான் புள்ளையும் இல்ல, அந்த ஆபீசர் எனக்குப் பால் குடுக்கறவரும் இல்ல. நீங்க சும்மா இருங்க." வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். "பதினாலு வருஷம் நின்னு வேலை பாத்த கால் இது. இத வெச்சு ஒரு பிச்சைப் பாத்திரம் பண்ணியிருக்கே. இந்தக் கடுதாசில இருக்கறவளுக்காக அவர் பஸ் விட்டா, அந்த பஸ்ல நான் ஏற மாட்டேன்."

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டபோது வீட்டில் வக்கீலின் குரலே கேட்கவில்லை. மடிப்பக்காவுக்கும் ரொட்டி இறங்கவில்லை. கோபம் சரிதான், ஆனால் பிள்ளை தனக்காகத்தானே எழுதினாள் என்று ஒரு பக்கம் உறுத்தியது.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்தாள். கம்பத்திலிருந்த தாளை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"அம்மா, இதுல முதல் வரிய மட்டும்தான் நீங்கல்லாம் படிச்சிருக்கீங்க. நாலாவது வரி கேளு. 'மேற்படி வண்டியில் நாளொன்றுக்குச் சராசரி மூன்று பேர் மட்டுமே பயணம் செய்வதால்.' மூணு பேராம்."

மடிப்பக்கா சிரித்துவிட்டாள். "மூணு பேரா? நாங்களே பதினொண்ணு. அப்புறம் ரெண்டு காவலாளிங்க, ஒரு காய்க்காரம்மா. அவங்க மூணு பேரு மட்டும் டிக்கெட் வாங்குவாங்க."

"அப்ப அந்த மூணுதான் இந்த மூணு. நீங்க பதினொரு பேரும் எங்க போனீங்க?"

"எங்க போறது? பாஸ் வெச்சிருக்கோம்."

"பாஸ காட்டினா கண்டக்டர் தாள்ல கோடு போடுவாருல்ல?"

"காட்டறதாவது. ஏறி உக்காந்ததும் கண்ணு சொருகிடும். அவரும் நல்ல மனுஷன், ஒரு நாளும் எங்கள எழுப்பி பாஸ் கேட்டதில்ல. பாவம் தூங்கட்டும்னு லைட்டக்கூட அணைச்சிடுவாரு. ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தாத்தான் கம்பியில தட்டி…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அப்பா பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த விரலை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார்.

வருஷக்கணக்காகப் பதினோரு பேர் அந்த பஸ்ஸில் போயும் யாரும் போகாத மாதிரிதான். கண்டக்டர் காட்டிய தயவு பஸ்ஸையே கொண்டுபோய்விட்டது.

"இதையே எழுதிடறேன்" என்று மகள் பேனாவை எடுத்தாள். "கண்டக்டர் கோடு போடல, அதனால கணக்கு தப்பு. அவ்வளவுதான். மூச்சிரைப்பு எல்லாம் வேண்டாம்."

"அவர் பேச்சு வரக் கூடாது."

"அம்மா, அதுதானே விஷயம்."

"விஷயமா இருக்கட்டும். அந்த மனுஷனுக்கு வேலை போயிடும். எங்கள எழுப்பாம விட்டதுக்கு நாங்க குடுக்கற பரிசா அது?"

"அப்ப யார் தப்புன்னு எழுதறது? யாருமே தப்புப் பண்ணலன்னா கணக்கு எப்படித் தப்பாச்சுன்னு அவர் கேப்பாரே."

நல்ல கேள்வி. மடிப்பக்கா யோசித்தாள். கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கை வேலை செய்தால்தான் அவளுக்கு மூளை வேலை செய்யும்.

"எங்க மேல போடு" என்றாள். "பாஸ் காட்டாதது நாங்கதானே. பதினொரு பேர் இருக்கோம், தப்ப பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்."

மகள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். நடுநடுவே கேள்வி வந்துகொண்டிருந்தது. தாழ் எத்தனை மணிக்கு? ஆபரேஷன் துணி மேலே போக வேண்டியது எத்தனை மணிக்கு? பஸ் ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை நிமிஷம்? ஒரு நாளைக்கு எத்தனை கட்டு மடிப்பே? பதினாலு வருஷத்தில் இத்தனை கேள்வி மேலதிகாரிகூடக் கேட்டதில்லை. மடிப்பக்கா பதில் சொல்லச் சொல்ல, தான் செய்கிற வேலை இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் டீ இடைவேளையில் கடிதம் சலவைக்கூடத்தைச் சுற்றி வந்தது. பொத்தான் அத்தை உரக்கப் படித்தாள். மடிப்பக்கா காதைத் தீட்டிக்கொண்டு, கையில் டீ ஆறுவது தெரியாமல் நின்றாள்.

"'நாங்கள் பதினோரு பேர். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை தொடங்குகிறோம். எட்டு மணிக்கு முதல் ஆபரேஷனுக்குப் போகிற துணி எங்கள் கையிலிருந்துதான் போகிறது. ஐந்து இருபது வண்டியில் நாங்கள் தினமும் பயணம் செய்தோம். பாஸைக் காட்டாமல் தூங்கிவிட்டோம். அது எங்கள் தவறு. அதனால் உங்கள் கணக்கில் நாங்கள் இல்லை. நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. ஒரு வாரம் வண்டியை விட்டு, எங்களை எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறோம். எண்ணிக்கை போதாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.'"

பின்னால் உலர்த்தும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்திவிடுங்கள்னு நாமளே சொல்லலாமா?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"நாம வரமாட்டோமா என்ன? வரப்போறவளுக்கு என்ன பயம்?" என்றாள் பொத்தான் அத்தை. "குடு பேனாவ."

பதினோரு கையெழுத்தும் விழுந்தன. இரண்டாவது தாளில் மகள் கட்டம் போட்டிருந்தாள். பாஸ் எண், ஏறும் நிறுத்தம், வேலை நேரம். அந்தக் கட்டங்களையும் நிரப்பினார்கள்.

டிப்போ அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் அம்மாவும் மகளும் போனார்கள். அன்று பள்ளி அரை நாள். நீளமான அறை, கூரை வரைக்கும் கோப்புகள், ஜன்னலுக்கு வெளியே பஸ் கழுவுகிற சத்தம். அதிகாரி வயிறு நிறைந்த களைப்பில் இருந்தார். கடிதத்தை வாங்கிச் சாய்ந்தபடி படிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது தாளை விரலால் ஓட்டிப் பார்த்தார்.

"இந்தக் கட்டமெல்லாம் யார் போடச் சொன்னது? யூனியனா?"

"நான் போட்டேன் சார்" என்றாள் மகள். "யாருக்கு எழுதறோமோ அவங்க மேஜையில என்ன இருக்கும்னு முதல்ல யோசிங்கன்னு டீச்சர் சொன்னாங்க. உங்க மேஜையில கட்டம் போட்ட தாள்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அவர் தன் மேஜையைப் பார்த்துக்கொண்டார். அது நிஜம்தான்.

"சரி, பாஸ் காட்டலன்னு எழுதியிருக்கீங்க. கண்டக்டர் கேட்டாரா?"

மடிப்பக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது கடுதாசில இல்ல சார்" என்றாள் மகள்.

"இல்லன்னுதான் கேக்கறேன்." குரல் கடுமையாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அவர் மடிப்பக்காவின் பக்கம் திரும்பினார். "பாருங்கம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். கண்டக்டர் சரியா எழுதலன்னு ஒரு வரி சேருங்க. ஊழியர் தப்புன்னா நானே கையெழுத்துப் போட்டுடலாம், நாளைக்கே வண்டி ஓடும். இல்லன்னா இது மேல போய் வரணும், ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம். நாளைக் காலையே மழை பெய்தால் மூன்றாவது தடவை ஆகிவிடும். மடிப்பக்காவின் கண்முன்னே அவளுடைய மேஜை வந்தது. வெளிச்சம் விழுகிற இடத்தில், இடுப்பு உயரத்துக்கு, வழவழவென்று. ஒரு வரிதான். எழுதினால் தெரியப் போகிறதா?

"அந்தக் கடுதாசியக் குடுத்துடுங்க சார்" என்றாள். "நாங்க நடந்தே போய்க்கறோம்."

அதிகாரி கடிதத்தை நீட்டினார். மகள் அதை வாங்கவில்லை.

"அம்மா, உன் பாஸ எடு" என்றாள்.

"எதுக்குடி?"

"எடேன்."

மடிப்பக்கா பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மகள் அதைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து ஆறு வரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பாஸ் வாங்கியிருப்பாள், ஒன்றையாவது அவள் திருப்பிப் பார்த்ததில்லை.

"மூணாவது விதி சார். 'வண்டியில் ஏறியவுடன், கேட்கப்படாவிட்டாலும், பயணி தானாகவே இதை நடத்துநரிடம் காட்ட வேண்டும்.' உங்க ஆபீஸ் அச்சடிச்சது. கேட்டாரா இல்லையாங்கறது இதுல வரவே இல்ல. காட்ட வேண்டியது அம்மாவும் அத்தைங்களும்தான். அதத்தான் தப்புன்னு எழுதியிருக்கோம்."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவருக்கும் அது புதிதுதான் என்பது முகத்தில் தெரிந்தது. மகள் விடவில்லை.

"கண்டக்டர் தப்புன்னு எழுதினா ஒரு ஆள்தான் சார் மாறுவாரு. எத்தனை பேருன்னு எண்ணினாத்தான் உங்க கணக்கு சரியாகும். ஒரு வாரம் எண்ணிப் பாக்கறதுக்கு மேல போய்க் கேக்கணுமா? கம்பத்துல ஒட்டின தாள்ல கீழ எழுதியிருந்ததே, 'மறு கணக்கெடுப்புக்கு உட்பட்டது'ன்னு. கையெழுத்து உங்களோடதுதான்."

வெளியே பஸ் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போயிற்று.

"நான் எழுதினத நானே மறந்துட்டேன்" என்றார். பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் எழுதினார். "திங்கட்கிழமையிலேர்ந்து ஏழு நாள். பதினொரு பேருக்கு ஒருத்தர் குறைஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

"குறைய மாட்டாங்க சார்."

வெளியே வந்ததும் மகள் அம்மாவை ஒட்டிக்கொண்டாள். அவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ அந்தப் பயம். மடிப்பக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தெரு வரைக்கும் அப்படியே நடந்தாள். மனசு பொங்கிக்கொண்டிருந்தது. இது என் பிள்ளை, என் வயிற்றில் பிறந்தது என்று எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அந்த ஏழு நாளும் பதினோரு பேரும் வந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தாள். கண்டக்டர் முதல் நாள் பாஸ்களைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வந்து, மடிப்பக்காவிடம் நின்றார். "ஆபீசுல கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு நினைச்சேன்க்கா. யாரும் ஒண்ணும் கேக்கலயே" என்றார். "கேக்கறதுக்கு என்ன இருக்கு? கோட்ட ஒழுங்காப் போடுங்க" என்றாள் அவள். எட்டாம் நாள் பஸ் வந்தது. ஒன்பதாம் நாளும் வந்தது. பிறகு யாரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

சுத்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அதே பேச்சாக இருந்தது. கடிதத்தைச் சூப்பர்வைசர் அம்மா நகல் எடுத்துச் சுவரில் ஒட்டினாள். டீச்சர் அதை வகுப்பில் படிக்கவைத்தாராம். கடைசி பெஞ்சுப் பையன் இப்போது விளையாட்டு மைதானத்துக் குழாய்க்காக எழுதிக்கொண்டிருக்கிறானாம். பொத்தான் அத்தை நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "அதெல்லாம் சரி மடிப்பக்கா, உம் பொண்ணு பெரியவளாகி என்னவாகப் போறாளாம்?"

பச்சைத் துணியின் மூலையை ஒரு விரல் நீளம் வெளியே விட்டுக்கொண்டே மடிப்பக்கா சொன்னாள்: "இனிமேதான் ஆகணுமா?"